வலிய வாதமும் மெலிய வாதமும்



திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் ருக்கு என்னும் பெண் யானை பல ஆண்டுகள் வாழ்ந்து வந்தது. 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அது இறந்தபோது ஊர்மக்கள் திரண்டு வந்து கண்ணீர் வடித்தனர். கண்ணீர் உலர்ந்தபின் ஒரு வினா எஞ்சுகின்றது: கோயிலிலோ காட்சிசாலையிலோ விலங்குகளை அடைத்து வளர்ப்பது முறையா? இதற்கு இருபுறத்தாரும் கூறும் காரணங்களை இன்று நிறுத்துப் பார்ப்போம்.

'இது நெடுங்கால வழக்கம்' என்பர் சிலர். உண்மைதான். கோயில் யானைகளின் வரலாறு மிகப் பழைமையானது. சென்னையில் விலங்குக் காட்சிசாலையும் 1855ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆயினும் பழைமை ஒரு செயலின் வயதைக் காட்டுமேயன்றி அதன் தகுதியைக் காட்டாது. 'யானையைக் கண்டால் குழந்தைகள் மகிழ்கின்றனர்' என்பதும் அத்தகையதே. மகிழ்வது குழந்தை, நிற்பது யானை. யானையின் நலம் பற்றி அக்காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுபுறத்திலும் மெலிந்த வாதங்கள் உண்டு. 'ஒரு யானை இறந்தது; ஆகவே வளர்ப்பதே தவறு' என்பது அவற்றுள் ஒன்று. காட்டிலும் யானைகள் இறக்கின்றன அல்லவா? வளர்த்த முறையே இறப்புக்குக் காரணம் என்று காட்டினாலன்றி அவ்வாதம் நில்லாது. 'எல்லாக் கூண்டுகளையும் இன்றே திறந்துவிடுக' என்பது மற்றொன்று. மனிதர் கையில் உண்டு வளர்ந்த விலங்கு காட்டில் இரை தேட அறியாது வருந்தும். இரக்கத்தில் பிறந்த சொல்லும் சில வேளை இரக்கமற்ற முடிவுக்கு இட்டுச் செல்லும்.

அங்ஙனமாயின், வலிய வாதம் யாது? பெண் யானைகள் தாயும் மகளும் தமக்கையுமாகக் கூட்டமாய் வாழ்பவை. உணவும் நீரும் நாடி நெடுந்தொலைவு நடப்பவை. தனியே ஒரு கொட்டிலில் நிற்கும் யானைக்கு இவ்விரண்டும் இல்லை. இந்தக் காரணம் உண்மையானது. அந்த விலங்கின் வாழ்வையே நேராகத் தொடுவது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009ஆம் ஆண்டில், காட்சிசாலை யானைகளை இடவசதி மிக்க முகாம்களுக்கு மாற்றுமாறு பணித்ததை இங்கு நினைவுகூரலாம்.

வளர்ப்போர் பக்கத்திலும் வலிய வாதம் ஒன்று உண்டு. அரேபிய ஓரிக்ஸ் என்னும் மான் 1972ஆம் ஆண்டில் காட்டில் அறவே அற்றுப்போயிற்று. காட்சிசாலைகளில் பெருகிய மான்களைக் கொண்டே 1982ஆம் ஆண்டில் ஓமான் பாலையில் அவ்வினம் மீண்டும் உலவத் தொடங்கியது. நம் நாட்டிலும், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற முதலைப் பண்ணையில் பொரித்த முதலைகள், காட்டு நீர்நிலைகளில் விடுவதற்காகப் பல மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன.

இங்கே ஓர் உண்மை புலனாகும். முதலையைக் காத்த காரணம், தனித்து நிற்கும் யானைக்குப் பொருந்தாது. அந்த யானை கன்று ஈன்று தன் இனத்தைப் பெருக்குவதுமில்லை; காட்டுக்குத் திரும்புவதுமில்லை. ஆதலின், 'காட்சிசாலை வேண்டுமா, வேண்டாவா?' என்று மொத்தமாகக் கேட்பதைவிட, 'எந்த விலங்கை, எதன்பொருட்டு, எவ்வாறு வைத்திருக்கிறோம்?' என்று கேட்பதே அறிவுடைமை.

எந்த வாதத்தைக் கேட்டாலும் மூன்றினை ஆராயுங்கள்: அது உண்மையா? பேசும் பொருளைத் தொடுகின்றதா? நாம் ஏற்க இயலாத முடிவுக்கும் அது வழி வகுக்கின்றதா? நமக்கு உவப்பான வாதத்தையே முதலில் இவ்வாறு சோதித்தல் வேண்டும். தனக்காக வாதாட வாயில்லாத உயிருக்கு நாம் செய்யத்தக்க குறைந்த அளவு நீதி அதுவே.