திரையில் ஓடும் அலையும் ஒரு பாட்டில் குளுக்கோஸும்

(நமது மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் தீவிர சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வென்டிலேட்டரில் இருக்கும் வாப்பாவைப் பார்க்க மகன் ஐசியூவுக்குள் வருகிறார். முதலில் அவர் கண் போவது திரையில் தெரியும் எண்களுக்குத்தான். "டாக்டர், பிரஷர் 90தானே இருக்கு, இன்னொரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தக் கூடாதா?" என்கிறார். பல ஆண்டுகளாக நான் கேட்டு வரும் கேள்வி இது. பாசத்தில் கேட்பதுதான். ஆனால் தேவையில்லாமல் ஏற்றும் திரவம் நுரையீரலில் நீர் கோக்க வைக்கலாம். மெஷினிலிருந்து விடுபட வேண்டியவரை இன்னும் சில நாள் அதிலேயே வைத்துவிடலாம். அதனால்தான் எண்ணை மட்டும் பார்த்து நாங்கள் முடிவெடுப்பதில்லை.

கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் பிரஷர், அந்த ஒரு நேரத்து அளவுதான். நிலைமை மோசமாக உள்ளவருக்குப் பெரும்பாலும் மணிக்கட்டுத் தமனியில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி வைப்போம். ஒவ்வொரு துடிப்பும் திரையில் ஓர் அலையாக ஓடும். அலையின் உச்சி மேல் பிரஷர், அடி கீழ் பிரஷர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நாடி அழுத்தம்.

நாம் மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது. ரத்தம் எளிதாக இதயத்துக்குத் திரும்புகிறது. வென்டிலேட்டரோ காற்றை உள்ளே தள்ளுகிறது. நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. ஓரிரு துடிப்புகளில் அலையும் சிறுத்து, பிறகு பழையபடி உயர்கிறது. உடலில் ரத்த ஓட்டத்துக்குத் திரவம் போதாதவருக்கு இந்த ஏற்ற இறக்கம் அதிகமாக இருக்கும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். நாடி அழுத்தம் ஒரு மூச்சுக்குள் 50க்கும் 40க்கும் இடையே ஆடினால், வித்தியாசம் 10, சராசரி 45. அதாவது சுமார் 22 சதவீதம். 46க்கும் 44க்கும் இடையே ஆடினால் 4 சதவீதம்தான். 13 சதவீதத்துக்கு மேல் என்றால் திரவம் கொடுத்தால் பலன் இருக்கலாம். மிகக் குறைவாக இருந்தால், பிரஷர் 90 ஆகவே இருந்தாலும், பாட்டிலால் பெரும்பாலும் பயனில்லை. ரத்தக் குழாயை இறுக்கும் மருந்தோ இதயத்துக்கான மருந்தோ தேவைப்படலாம்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. நோயாளி தானாகவும் மூச்சு விட்டால், இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருந்தால், மெஷின் கொடுக்கும் காற்றின் அளவு குறைவாக இருந்தால், இந்த எண்ணை நம்ப முடியாது. அப்போது கட்டிலைச் சாய்த்து, கால்களை 45 டிகிரி உயர்த்திப் பார்ப்போம். காலில் இருக்கும் ரத்தம் இதயத்துக்கு வரும். ஒரு நிமிடத்துக்குள் இதயம் வெளியேற்றும் ரத்தம் கூடுகிறதா என்று பார்ப்போம். காலை இறக்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஏற்றிய பாட்டிலைத் திரும்ப எடுக்க முடியாது அல்லவா?

உங்களிடம் நான்கு வேண்டுகோள்கள். ஒன்று: குழாய் செருகிய கையை மடக்காதீர்கள், கட்டிலை உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யாதீர்கள். அளவுக் கருவி இதய மட்டத்தில் இருக்க வேண்டும். அது 10 செ.மீ. கீழே இறங்கினாலே பிரஷர் சுமார் 7 கூடுதலாகக் காட்டும். இரண்டு: அலாரம் அடித்தால் பதறாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள், கை அசைந்தாலும் அது அடிக்கும். மூன்று: அவர் வீட்டில் சாப்பிட்ட பிரஷர், சர்க்கரை, இதய மாத்திரைகள் அத்தனையையும் மறைக்காமல் சொல்லுங்கள். நான்கு: "இன்னும் ஏத்துங்க" என்று கேட்பதற்குப் பதிலாக, "திரவம் தேவையா, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அதை விளக்கிச் சொல்வது எங்கள் கடமை.