தொழுநோயும் முன்வினையும்
(ஆறுமுகநேரியில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இந்த உப்பளத்து ஊரில் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் தொழுநோயாகும். இந்நோய் கண்டவனை, முன் ஜென்மத்துப் பாவி என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் நம்மிடம் வெகுகாலமாக இருந்துவருகிறது. அந்தப் பாவத்தைக் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை. ஆனால் இந்நோயின் கிருமியை நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் 1873-லேயே கண்டு சொல்லிவிட்டார்.

அக்கிருமி செய்யும் வேலையைக் கேளுங்கள். கை கால்களின் நரம்பு இழைகளைச் சுற்றிக்கொண்டு, அவற்றைப் போஷித்துக் காப்பாற்றும் உயிரணுக்கள் உண்டு. சுவான் அணுக்கள் என்பது அவற்றின் பெயர். கிருமி அவற்றிற்குள் புகுந்து மெள்ளப் பெருகுகிறது. ஒன்று இரண்டாவதற்கே சுமார் இரண்டு வாரமாகிறது. உடம்பு இதைக் கண்டுகொண்டதும் காவல் அணுக்கள் திரண்டு, டி.என்.எப். முதலிய புரதங்களைச் சுரக்கின்றன. "பகை வந்துவிட்டது, எதிர்த்து நில்" என்று அணுவுக்கு அணு சேதி சொல்லி அழற்சியை மூட்டுகிறவை இவை. அளவு மீறினால் சுவான் அணுக்களே சேதமடைகின்றன. நரம்பு வீங்கி, தன் இறுகிய உறைக்குள்ளேயே நசுங்குகிறது. வைக்கோற்போரில் ஒளிந்த திருடனைப் பிடிக்கப் போருக்கே தீ வைத்ததுபோல்தான்! மருந்து சாப்பிடும்போதும், சாப்பிட்டு முடித்த பிறகுங்கூட இது நேரிடலாம்.

உப்புப் பாத்தியில் நிற்பவன் காலில் கீறல் பட்டால் சுரீரென்று எரிகிறது. அந்த எரிச்சலே அவனுக்குக் காவல். நரம்பு கெட்ட கால் எரியாது, புண் ஆழமாகும், விரல் குறையும். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் படும் காயங்களாலேயே அழிகின்றன என்பதை, 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு எடுத்துக் காட்டினார். இதில் முன்வினைக்கு எங்கே இடம்?

பாவமென்று நம்பியதால் கண்ட பலன் என்ன? உணர்ச்சியற்ற படை கண்டவன் வெட்கப்பட்டு மறைக்கிறான். மரத்துப்போன ஆறு மாதத்திற்குள் வந்தால், வைத்தியர் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து அழற்சியைத் தணித்துப் பலருக்கு நரம்பை மீட்கிறது. காலம் கடந்தால் மீட்பது கஷ்டம். கிருமியைக் கொல்லும் கூட்டு மருந்தோ சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். ஆறு மாதமோ ஒரு வருஷமோதான் சாப்பிட வேண்டும்.

1898-இல் செய்த தொழுநோயாளர் சட்டம் 2016-இல்தான் ரத்தாயிற்று. இந்நோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாமென்ற விதி 2019-இல்தான் நீங்கியது. சட்டமே திருந்திய பிறகும் நாம் திருந்த வேண்டாமா?

ஆகவே தோழர்களே! படையோ, மரத்துப்போதலோ, கைகால் பலவீனமோ கண்டால் பரிகாரத்திற்கு நாள் பார்க்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூட வேலை செய்கிறவனுக்குக் கண்டால், ஒதுக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். வைத்தியரைக் கேளுங்கள், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.