பழந்திருக்கோயிற் பழுது நீக்கம்

(திருக்குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சிவமயம்



திருக்குடமுழுக்கு நால்வகைப்படும் என்று சிவாகம நெறி நின்றோர் வகுத்துரைப்பர். புதிதாக எடுத்த திருக்கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்தல் ஆவர்த்தம். ஆற்றுப் பெருக்காலும் கடல் அரிப்பாலும் இடிந்து, பூசையற்றுக் கிடந்த கோயிலை மீள எடுத்து நிகழ்த்துதல் அனாவர்த்தம். காலத்தாற் சிதைந்தவற்றைப் பழுதுபார்த்து, அட்டபந்தனம் சாத்தி நிகழ்த்துதல் புனராவர்த்தம். களவு முதலிய தீங்கு நேர்ந்தவழிக் கழுவாயாக நிகழ்த்துதல் அந்தரிதம். இந்நான்கனுள் இரண்டு இடிந்ததனையும் சிதைந்ததனையும் பற்றியனவாதல் நோக்கத்தக்கது. இறைவன் அழிவிலான், அவன் எழுந்தருளும் கட்டிடமோ அழியுமியல்பிற்று. இவ்வுண்மையை மறையாது ஏற்று, அழிவு நேர்ந்தவிடத்துச் செய்யத்தக்கது இது என்று விதி கூறுதல் நம் முன்னோர் தெளிவுக்குச் சான்றாகும்.

புதுக்கோயில் ஒன்று எடுத்தலினும் பழங்கோயில் ஒன்றைப் பழுது நீக்கிக் காத்தல் மிக்க புண்ணியம் என்பது ஆன்றோர் கொள்கை. ஆயினும் பழுது நீக்கம் என்னும் பெயரால் பழமையை அழித்தலும் இந்நாளில் நிகழ்கின்றது. ஆகவே நீராலும் தீயாலும் காற்றாலும் திருக்கோயிலுக்கு ஊறு நேருமாறு எங்ஙனம், அதனை நீக்கும் முறை யாது என்பன திருப்பணிக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள் அறிந்திருக்க வேண்டுவனவாம்.

மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி மும்மூர்த்திகளுக்கு இக்கோயிலை ஆக்குவித்ததாக அவன் அங்குக் கல்வெட்டுப் பொறித்துள்ளான். ஏழாம் நூற்றாண்டின் இச்செய்தி, அதற்கு முன்னைய கோயில்கள் எவற்றால் ஆயின என்பதனையும் உடன் உணர்த்துகின்றது. மரம் தீக்கும் கரையானுக்கும் இரையாகும், செங்கல் நீரில் ஊறிக் கரையும், இரும்பு துருவேறும். இவற்றின் நிலையாமையைக் கண்டே பிற்காலத்தார் கருங்கல்லை நாடினர்.

திருவிசைப்பா அருளிய கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார், பத்தாம் நூற்றாண்டில், செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். திருக்கோடிக்காவில் அங்ஙனம் மாற்றுங்கால், பழங்கற்களிற் கிடந்த முன்னோர் சாசனங்களைப் படியெடுத்துப் புதுச்சுவரில் மீளப் பொறிக்கச் செய்தார். தமக்கு முன் கொடுத்தவர் பெயர் தம் பணியால் மறைந்துவிடலாகாது என்பதே அப்பெருமாட்டியார் கருத்து. கோனேரிராசபுரம் என வழங்கும் திருநல்லத்திலோ, கோயிலைக் கட்டிய தலைவனாகிய சாத்தன் குணபட்டன் பெயரையும் கல்லில் நிலைபெறுவித்தார்.

திருமழபாடிச் செய்தி இன்னும் தெளிவானது. அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்குமாறு முதல் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். சுவர்களைப் பிரிக்குமுன் அவற்றிலுள்ள கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் எழுதிக்கொள்ளல் வேண்டும் என்பதும் அவ்வாணையின் பகுதியாகும். அவன் மகன் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1026-ஆம் ஆண்டளவில், அவை புதுச்சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. ஓர் அரசன் எழுதி வைத்தான். அடுத்த அரசன் பொறித்து முடித்தான். இன்று கல்லைப் பிரிக்குமுன் எண்ணிட்டு, படம் எடுத்து, வரைபடத்திற் குறித்துக்கொள்க என்று வல்லுநர் கூறுவது இவ்வாணையின் தொடர்ச்சியே.

இனி, நீரால் வரும் கேடு. மழை நீர் கோயிலின் மேற்றளத்தில் நிற்குமாயின், பாவுகற்களின் இடுக்கு வழியே இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்து வெளிக்கொணரும். உட்புறக் கூரையில் வெள்ளிய உப்புப் படிவம் தோன்றுதல் அதன் முதல் அறிகுறி. கற்களை இணைக்க இட்ட இரும்புப் பட்டைகளும் முளைகளும் அவ்வீரத்தால் துருவேறும். துருவேறிய இரும்பு பருத்துத் தன்னைச் சூழ்ந்த கல்லையே பிளந்துவிடும். பறவைகள் இட்ட ஆல், அரசு விதைகள் ஈரமுள்ள இடுக்கில் முளைக்கும். அவற்றை மேலே வெட்டினால் பயனில்லை; வேர் உள்ளே பருத்துச் செங்கற்கட்டினை நெகிழ்த்தும். இளமையிலேயே வேரோடு களைதல் வேண்டும். திருநாவுக்கரசு சுவாமிகள் திருக்கையில் உழவாரம் ஏந்திய திருத்தொண்டின் பயன் இவ்விடத்து விளங்கும். புல்லும் பூண்டும் களைதல் எளிய பணிபோல் தோன்றினும், கோபுரத்தைக் காக்கும் பணி அதுவே.

மேற்றளம் பழுதாயின் அதனைச் செப்பனிடும் முறை பழந்தொழிலாளர் அறிந்ததே. பழைய கலவையை முழுதும் நீக்கி, பாவுகற்களின் இடுக்கை அடைத்து, செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்து, நீர் தூம்பை நோக்கி ஓடுமாறு வாட்டம் அமைப்பர். சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் பனைவெல்ல நீரும் சேர்ப்பர். இக்கலவை மெல்லவே இறுகும். ஆயினும் உட்சென்ற ஈரத்தை வெளிவிடும் இயல்புடையது. சிமிட்டியோ விரைந்து இறுகும், கடினமாய் நிற்கும், ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தும். சிமிட்டி பூசிய பழஞ்சுவரில் ஈரம் வேறு வழியின்றிச் செங்கல்லுள்ளும் கல்லுள்ளும் புகுந்து, உப்பாய் வெளிப்பட்டு, மேற்பரப்பை உதிர்க்கும். புதுக்கட்டிடத்துக்குச் சிமிட்டி பொருந்தலாம். சுண்ணாம்பால் ஆகிய பழங்கட்டிடத்துக்கு அதன் இனமாகிய சுண்ணாம்பே மருந்து.

தரையைக் குறித்தும் ஒன்று சொல்லத்தக்கது. பழைய கல் தளத்தை நீக்காது, அதன்மேல் கலவையும், அதன்மேல் வழவழப்பான புதுக்கல்லும் தலைமுறைதோறும் பரப்புவதால் திருச்சுற்றின் மட்டம் உயர்கின்றது. அதனால் அடித்தளத்து உறுப்புகள் புதைகின்றன, நீர்ப்போக்கிகள் அடைபடுகின்றன, வெளியே செல்ல வேண்டிய மழைநீர் கருவறை நோக்கித் திரும்புகின்றது. திருவரங்கத்துப் பெருங்கோயிலில் பிற்காலச் சேர்க்கைகளை நீக்கி, பழைய நீர்ப்போக்கு முறைக்கு மீண்டும் உயிரளித்த திருப்பணிக்கு, 2017-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஆசிய பசிபிக் வட்டார விருது வழங்கிச் சிறப்பித்தது. புதிதாகச் சேர்த்தது அன்று, நீக்கத்தக்கதை நீக்கியதும் அங்குப் போற்றப்பெற்றது.

நீர்ப்பணியும் சிவத்தொண்டே என்பதற்குத் தண்டியடிகள் நாயனார் சரிதம் போதும். திருவாரூரில் பிறவியிலேயே கண்ணொளி இழந்த அவர், திருக்கோயிலின் மேல்பால் உள்ள திருக்குளம் தூர்ந்து இடம் குறைந்தமை கண்டு மனம் பொறாராயினார். குளத்திலும் கரையிலும் குறி நட்டு, கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். குளம் தூர்ந்தால் பெருமழையின் நீர் நிற்க இடமின்றிக் கோயிலைச் சூழும். கோபுரத்தைக் கண்ணாற் காண இயலாத ஒருவர் அக்கோயிலுக்கு இன்றியமையாத பணியைத் தேர்ந்துகொண்டார் என்பது சிந்திக்கத்தக்கது.

அடுத்து, தீ. கருங்கல் தீயில் அழியாது என்பது பலர் எண்ணம். அது தவறு. கருங்கல் பல கனிமங்களின் கலப்பு. வெப்பத்தால் அவை வெவ்வேறு அளவில் விரிதலின், ஒன்றையொன்று நெருக்கி உள்ளே நுண்ணிய விரிசல்களை உண்டாக்கும். வெப்பம் 573 பாகை செல்சியசை எட்டுங்கால், கல்லிலுள்ள படிகக்கல் என்னும் பகுதி தன் அமைப்பு மாறித் திடீரெனப் பருக்கும். கல் ஓடு ஓடாகச் சிதறும். அணைக்கும் பொருட்டு அதன்மேல் பாயும் தண்ணீரும், வெந்த கல்லைச் சட்டெனக் குளிர்வித்து மேலும் பிளக்கும். மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலில், கிழக்குக் கோபுரத்தை அடுத்த வீரவசந்தராயர் மண்டபத்தில், 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு இதுவே நேர்ந்தது. மண்டபத்துக் கடைப்பகுதியில் மூண்ட தீயால் கற்றூண்களும் உத்திரங்களும் கூரைக் கற்களும் சிதைந்தன. அவற்றுக்கு ஈடாகப் பெருங்கற்களை நாமக்கல் மாவட்டத்துப் பாறைகளில் தேட வேண்டியதாயிற்று. பணி ஆண்டுகள் பலவாக நீண்டது. ஓரிரவில் இழந்ததனை ஓராண்டிலும் மீட்க இயலவில்லை.

தீப்பட்ட மண்டபத்தை உடனே இடித்தல் தகாது. உடனே நம்புதலும் தகாது. முதற்கண் சுமை தாங்கும் உத்திரங்களுக்கு முட்டுக் கொடுத்தல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு கல்லையும் தட்டி அதன் ஒலியை ஆராய்தல் வேண்டும். நற்கல் மணிபோல் ஒலிக்கும். உள்ளே பிளந்த கல் மங்கிய ஒலி தரும். இக்காலத்துக் கருவிகளாலும் இதனை நுட்பமாக அளக்கலாம். எக்கல் நிற்கும், எக்கல்லை மாற்ற வேண்டும் என்று அறிந்தபின்னரே உளி எடுத்தல் முறை.

தீயைப் பற்றிப் பேசுமிடத்துத் தஞ்சைப் பெரியகோயிலில் 1997-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள் நிகழ்ந்த துயரை மறத்தலாகாது. குடமுழுக்கின்பொருட்டு அமைத்த யாகசாலைப் பந்தலில் தீப்பற்றி, 40-க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். கல்லைப் புதுக்கலாம், உயிரை மீட்டல் ஒருவராலும் இயலாது. ஆகலின் எளிதிற் பற்றாத பந்தல், அகன்ற வழிகள், அருகே நீரும் மணலும் ஆகிய இவை வேள்விக்குரிய சமித்தும் நெய்யும் போலவே இன்றியமையாதன என்று கொள்ளுதல் வேண்டும்.

மூன்றாவது, காற்றும் இடியும் நில நெகிழ்ச்சியும். வாயுத் தலமாகிய திருக்காளத்தியில், 1516-ஆம் ஆண்டில் கிருட்டிணதேவராயர் எடுத்த ஏழுநிலை இராசகோபுரம், 2010-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. விரிசல் பெருகியமை கண்டு அருகிலிருந்தோரை முன்னரே அகற்றியதனால் உயிர்ச்சேதம் இல்லாதாயிற்று. அதே இடத்தில் புதுக்கோபுரம் எழுந்து 2017-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. எனினும் ஐந்நூறாண்டு நின்ற கோபுரம் மீண்டதாகாது. விரிசல் என்பது கட்டிடம் பேசும் மொழி. அதன்மேல் சாந்து பூசி வண்ணம் தீட்டுதல், பேசுவோன் வாயைப் பொத்துதல் போல்வது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லை ஒட்டி நாள் குறித்து வைப்பர். சில் முறியாதாயின் விரிசல் பழையது, அடங்கியது. முறியுமாயின் கட்டிடம் இன்னும் அசைகின்றது என்று அறிந்து அடித்தளத்தை ஆராய்தல் வேண்டும். கோபுரத்தின் உச்சியில் இடிதாங்கி அமைத்து, அதன் கம்பி நிலத்தினுள் செவ்வையாக இறங்கியுள்ளதா என ஆண்டுதோறும் பார்த்தலும் கடமை.

செலவு செய்தும் கேடு விளைக்கும் பணிகளும் உள. கல்லை வெண்மையாக்கும் பொருட்டு இயந்திரத்தால் மணலை வீசித் தேய்த்த காலம் ஒன்று இருந்தது. அழுக்கோடு கல்லின் மேற்றோலும், எழுத்தும், சிற்பங்களின் கண்ணும் நகமும் போயின. அப்பணிக்குப் பின்னர்த் தடை விதிக்கப்பெற்றது. ஆயினும் போன எழுத்து மீளவில்லை. அவ்வெழுத்துகளும் ஒரு காலத்தில் அடியார் சிலர் கொடுத்த நிலமும் விளக்கும் பற்றியனவே.

அட்டபந்தனம் சாத்துதல் குடமுழுக்கின் உயிர்நிலையாகிய கிரியைகளுள் ஒன்று. கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டனையும் இடித்துக் கலந்த மருந்தால், திருவுருவத்துக்கும் பீடத்துக்கும் இடையிலுள்ள சந்தினை அடைப்பர். திருமஞ்சன நீர் அச்சந்தின் வழியே கீழிறங்கிப் பீடத்தை நெகிழ்க்காதிருத்தல் அதன் பயன்களுள் ஒன்று. பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை அதனைப் புதுக்குக என்பது வழக்கு. மருந்து கெடுவதற்குமுன் ஆராய்ந்து மாற்றுக என்பதே இதன் உட்பொருள். கருவறையில் ஒரு விரற்கிடை இடுக்கில் காட்டும் இக்கவனத்தையே மேற்றளத்திலும் தூம்பிலும் திருக்குளத்திலும் காட்டுதல் முறையன்றோ?

பொருள் வழங்கும் பெருமக்கள் பெரிதும் விரும்புவன கலசமும் கதவும் வண்ணமும் பளிங்கும் ஆம். அவை கண்ணுக்குத் தோன்றும்; அவற்றில் பெயரும் பொறிக்கலாம். தட்டோட்டின் அடியிலுள்ள சல்லிக்கும், மண்ணின்கீழ் ஓடும் நீர்ப்போக்கிக்கும், கோபுரத்தில் ஏறி வேர் களையும் கூலியாளின் கயிற்றுக்கும் பெயர் பொறிக்க இடமில்லை. ஆயின் அடுத்த குடமுழுக்குவரை கலசத்தைத் தாங்கி நிற்பன அவையே. கொடுப்போர் தம் கொடையில் ஒரு பகுதியைக் குடமுழுக்குக்கு முன்னன்றிப் பின்னரும் ஆண்டுதோறும் செய்யவேண்டிய பராமரிப்புக்கு ஒதுக்குவாராயின், பன்னிரண்டாண்டுப் பழுது ஒருசேரத் திரண்டு வந்து அச்சுறுத்தாது. மழைக்காலத்துக்குமுன் தூம்பு திறந்துள்ளதா என்று பார்க்க ஓர் ஆள், செடி முளைத்ததா என்று பார்க்க ஓர் ஆள், மின்கம்பிகளை ஆராய ஓர் ஆள், இவ்வளவே வேண்டுவது.

திருப்பணி நிறைவெய்தியது என்று குடமுழுக்கு நாளில் கூறுவது மரபு. உண்மையில் அன்று நிறைவது ஒரு கட்டமே. கும்ப நீர் விமானத்தின்மேல் சொரியப்பெறும் அந்நாள்முதல் மழை நீரும் அதன்மேற் சொரியத் தொடங்குகின்றது. அந்நீரை வழிவிட்டு அனுப்பும் பொறுப்பு, தரிசித்துத் திரும்பும் அடியவர் அனைவரையும் சார்ந்தது. திருநாவுக்கரசர் கையிலிருந்த உழவாரம் ஒரு நாளைக்கு மட்டும் எடுத்ததன்று. அதனை நாடோறும் எடுக்கும் கைகள் இவ்வூரில் பெருகுக. எடுத்த திருக்கோயில் நெடிது நிலவுக.

திருச்சிற்றம்பலம்