போதுமான வெளிச்சம் எது?

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு மாதத்துக்கு முன் நம் சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "நீ சிங்கப்பூர் வீட்டுல பவளத் தொட்டி வச்சிருக்கியாமே. நம்ம வேளாண் கல்லூரிக்குச் சங்கத்தின் சார்பா ஒரு பவளத் தொட்டி வாங்கித் தரலாம்னு இருக்கோம். எவ்வளவு பெரிய விளக்கு வேணும்னு மட்டும் வந்து சொல்லிட்டுப் போப்பா" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் 'எவ்வளவு பெரிய விளக்கு' என்ற கேள்வியே தவறு என்பதுதான் என் பதில். நானும் ஒரு காலத்தில் அதையே கேட்டு, ஓர் உயிரைக் கொன்றவன்.

பவளம் செடியும் அல்ல, கல்லும் அல்ல. அது விலங்கு. ஆனால் அதன் உடல் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைப் பவளத்துக்கே கொடுத்துவிடுகின்றன. பவளம் அவற்றுக்கு இடமும் உரமும் தருகிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் பவளம் நிலக்காரர், பாசி குத்தகைக்காரர். ஆக, பவளத் தொட்டிக்கு விளக்கு என்பது அழகுக்கு இல்லை, சாப்பாட்டுக்கு. மீன் தொட்டி விளக்குக்கும் பவளத் தொட்டி விளக்குக்கும் வித்தியாசம் அதுதான்.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். பயிர் வினையியல் வகுப்பில் இரண்டு புள்ளிகள் படித்தோம். ஒளி ஈடுசெய் புள்ளி. அதற்குக் கீழே போனால் இலை சம்பாதிப்பதைவிடச் செலவழிப்பது அதிகம். ஒளிச் செறிவுப் புள்ளி. அதற்கு மேலே எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் விளைச்சல் கூடாது. அதையும் மிஞ்சிப் போனால் இலைக்கே சேதம். தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். என் அப்பாவோ படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார். வரப்பு ஓரத்துப் பூவரச மரத்தைக் காட்டி, "மர நெழல்ல நிக்கிற நெல்லு பதராத்தான் போகும் தம்பி" என்பார். அதே அப்பா கும்பகோணம் பக்கம் கொடிக்கால் பார்த்துவிட்டு வந்து, "வெத்தலைக்கு அகத்தி நெழலு இல்லேன்னா இலை வெந்து போயிடும்" என்பார். நெல்லுக்கு வெயில், வெற்றிலைக்கு நிழல். இரண்டு பயிருக்கும் தலைக்கு மேலே ஒரே சூரியன்தான்.

பலவகைப் பவளத் தொட்டி என்பது நெல்லையும் வெற்றிலையையும் ஒரே வயலில் நட்டது மாதிரி. மான்கொம்புப் பவளம் ஆழம் குறைந்த இடத்தில் பளிச்சென்ற வெயிலில் வளர்வது. மூளைப் பவளம், டார்ச் பவளம் போன்றவற்றுக்கு நடுத்தர வெளிச்சம் போதும். காளான் பவளத்துக்கு மங்கலான இடமே சுகம். இந்த மூன்றையும் நான்கு அடித் தொட்டிக்குள் வைத்துவிட்டு ஒரே விளக்கைப் போட்டால் யாராவது ஒருவர் பட்டினி, அல்லது யாராவது ஒருவர் வெந்து போவார்.

இனி என் கதை. என் தொட்டி நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம். முதல் மூன்று ஆண்டுகள் டி-5 குழல் விளக்குகள் போட்டிருந்தேன். இரண்டு தலையோடு வாங்கிய டார்ச் பவளம் பதினொரு தலையாகப் பெருகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். பெருமை தாங்கவில்லை. 'இதுக்கே இப்படின்னா, பெரிய விளக்கு போட்டா எப்படி இருக்கும்' என்று ஒரு ஆசை. ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து சக்தி வாய்ந்த இரண்டு எல்.இ.டி. விளக்கு வாங்கி, முழு வேகத்தில் எரியவிட்டேன். அன்று மாலையே என் மனைவி கேட்டாள்: "ஏங்க, நமக்கே கண்ணு கூசுதே, அதுக்கு மட்டும் கூசாதா?" நான் சிரித்தேன். நான்காம் நாள் பவளம் சுருங்கியது. எட்டாம் நாள் எலும்பு தெரிய வெளுத்துவிட்டது. பதினொரு தலையில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

நடந்தது இதுதான். வெளிச்சம் அளவுக்கு மிஞ்சும்போது பாசி தாங்க முடியாமல் நச்சான ஆக்சிஜனை உண்டாக்குகிறது. பவளம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பாசியையே வெளியேற்றுகிறது. நிறம் கொடுத்துக்கொண்டிருந்ததும் பாசி, சோறு போட்டுக்கொண்டிருந்ததும் பாசி. கடலில் சூடு கூடும்போதும் இதே கதைதான். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தது கடல் நீர் சூடானதால். சூடும் அதிக ஒளியும் சேர்ந்தால் சேதம் இரட்டிப்பு.

பிறகு ஒரு நண்பர் அளவுமானியை இரவல் கொடுத்தார். பவளம் இருந்த இடத்தில் பழைய விளக்கில் 110. புது விளக்கில் 420. எட்டு நாள் அல்ல, அதை எட்டு மணி நேரத்தில் அளந்திருந்தால் அது இன்றும் உயிரோடு இருக்கும்.

இந்த எண் என்ன? ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித் துகள்கள், ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்ற கணக்கு. 'பார்' அளவு என்று சொல்கிறோம். நம் உச்சி வெயில் ஏறக்குறைய 2000. தொட்டியில் காளான் பவளத்துக்கும் மென்பவளங்களுக்கும் 50 முதல் 100, மூளை, டார்ச் வகைகளுக்கு 80 முதல் 150, மான்கொம்புக்கு 200 முதல் 350 என்பது வளர்ப்பவர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்கு. பார்த்தீர்களா, ஆகப் பெரிய ஆசைக்காரப் பவளத்துக்கே நம் வயல் வெயிலில் ஆறில் ஒரு பங்கு போதும்.

வாட் கணக்கு பார்த்து விளக்கு வாங்காதீர்கள். வாட் என்பது மின்சாரச் செலவு, வெளிச்சம் அல்ல. லக்ஸ் மீட்டரையும் முழுதாக நம்பாதீர்கள். அது மனிதக் கண்ணுக்காகச் செய்தது. பச்சையை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் எடை போடும். பவளத் தொட்டி விளக்கோ நீலம் மிகுந்தது. கடலில் இறங்க இறங்கச் சிவப்பு முதலில் மறைந்து நீலமே மிஞ்சுகிறது. பவளப் பாசியும் நீலத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் 10,000 கெல்வினுக்கு மேற்பட்ட நீல வெண்மை விளக்குகளைப் போடுகிறார்கள்.

எந்த விளக்கு? மெட்டல் ஹாலைடு விளக்கு அருமையான வெளிச்சம் தரும், ஆனால் அடுப்பு மாதிரி கொதிக்கும். காரைக்கால் சித்திரை வெயிலில் அதைப் போட்டால் தண்ணீரைக் குளிரவைக்க இன்னொரு யந்திரம் வேண்டும். டி-5 குழல் வெளிச்சத்தைச் சமமாகப் பரப்பும். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை குழலை மாற்றவேண்டும், அது இப்போது கிடைப்பதும் அரிதாகி வருகிறது. எல்.இ.டி.யில் சூடு குறைவு, செலவு குறைவு, கூட்டிக் குறைக்கலாம். குறை ஒன்றுதான்: ஒரே புள்ளியிலிருந்து அடிப்பதால் கல்லுக்குக் கீழே கும்மிருட்டு. ஆகவே நான்கு அடித் தொட்டிக்கு ஒரு பெரிய விளக்கைவிட இரண்டு சிறிய விளக்கு நல்லது. தண்ணீருக்கு ஓர் அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். உப்புச் சாரல் படிந்தால் வெளிச்சம் குறையும். வாரம் ஒரு தடவை துடையுங்கள். உப்புத் தண்ணீர் பக்கத்தில் மின்சாரம் என்பதால் கசிவைக் கண்டால் தானே அணையும் பிரேக்கர் கட்டாயம்.

அடுத்தது, தட்டு வாரியாக வையுங்கள். மேல் கல்லில் வெயில் விரும்பி, நடுவில் நடுத்தரம், கீழே ஓரத்தில் நிழல் விரும்பி. விளக்கை உயிருக்கு ஏற்ப மாற்ற முடியாது. உயிரைத்தான் வெளிச்சம் பார்த்து வைக்க முடியும். நாற்றங்காலில் இடம் பார்த்து விதைப்பது நமக்குப் புதிதா?

பாக் நீரிணையில் மண்டபம், இராமேஸ்வரம் வடகரையை ஒட்டிய பவளங்களைப் பாருங்கள். வாடைக் காலத்தில் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். நான் வாழும் சிங்கப்பூர்க் கடலும் கலங்கல்தான். அங்கே பவளம் பெரும்பாலும் மேலே ஆறு, எட்டு மீட்டருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அவை மங்கல் வெளிச்சத்துக்குப் பழகிப்போனவை. அதே இனம் தெளிந்த தண்ணீரில் வேறு கணக்கில் வாழும். ஆகவே புத்தக எண்ணைவிட, அந்த உயிர் எந்த வெளிச்சத்திலிருந்து வந்தது என்பதே முக்கியம். புது விளக்கை மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றி, ஆறு முதல் எட்டு வாரத்தில் இலக்கை அடையுங்கள். நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் போதும். வெளிறினால் குறையுங்கள், பழுப்பேறி நீண்டு வளர்ந்தால் கூட்டுங்கள். பவளம் பேசாது, நிறம் காட்டும்.

மின்வெட்டு பற்றியும் கேட்டீர்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு நம் பக்கத்து ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. விளக்கு இரண்டு, மூன்று நாள் எரியாவிட்டால் பவளம் தாங்கும். தண்ணீர் அசையாமல் நின்றால் சில மணி நேரத்திலேயே மூச்சு முட்டும். ஆகவே இன்வர்ட்டரை விளக்குக்குக் கொடுக்காமல் பம்புக்குக் கொடுங்கள்.

இப்போது கசப்பான செய்தி. நம் நாட்டில் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். கரை ஒதுங்கிய செத்த பவளக்கல்லைக்கூடத் தொட்டியில் வைக்க முடியாது. ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாப் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் எரித்தார்கள். தீவுகளே கரைந்து போயின. சட்டம் சும்மா வரவில்லை. சிங்கப்பூரில் உரிமத்தோடு இறக்குமதியான பவளத்தை நான் வளர்த்த மாதிரி இங்கே வளர்க்க முடியாது. "யாரும் பாக்க மாட்டாங்க" என்று ஒரு நண்பர் இன்று காலை சொன்னார். மாணவர்கள் தினமும் பார்ப்பார்களே! நாம் கல்லூரிக்குக் கொடுக்கும் பரிசு அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் அதுவாக இருக்கலாமா?

ஆகவே என் யோசனை இது. தொட்டி வையுங்கள், ஆனால் கல்பவளம் வேண்டாம். மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். கடலிலிருந்து பிடிக்காத அப்படிப்பட்ட குஞ்சுகளை வாங்குவோம். சுட்ட மண்ணிலும் சிமெண்டிலும் கல் செய்வோம். கடற்பாசிகள் வளர்ப்போம். கடல் சாமந்தி வேண்டுமென்றால் வனத்துறையிடம் எழுத்து மூலம் கேட்டுவிட்டுப் பிறகு வைப்போம். அதன் உடம்பிலும் அதே நுண்பாசி உண்டு, அதே ஒளிப் பாடத்தை நடத்தலாம். விளக்குக்கு ஒதுக்கிய தொகையில் பாதியை எடுத்து, தண்ணீருக்குள் இறங்கி அளக்கும் ஒளி உணரி ஒன்று வாங்குவோம். மாணவர்கள் தட்டுத் தட்டாக அளந்து வரைபடம் போடட்டும். விளக்கு ஐந்து வருஷத்தில் பழசாகும். அளந்து பார்க்கும் பழக்கம் பழசாகாது.

நான் திருநள்ளாற்றுக்காரன். எங்கள் ஊர்ப் பெருமானைப் பார்க்க நாடே வருகிறது. பார்வை பட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று கும்பிடுவார்கள். பவளமும் அப்படித்தான், நேர்ப் பார்வை ஆகாது. அவருக்கு மந்தன் என்றொரு பெயர் உண்டு, மெதுவாக நடப்பவர். ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருஷம். எட்டு வாரம் பொறுக்க முடியாமல் நான் பதினொரு தலையை இழந்தேன். நீங்கள் மந்தனைப் போல மெதுவாகப் போங்கள்.