மாரத்தானிலிருந்து ஏதென்ஸுக்கு: மேடேறும் சாலை

இன்றைக்கு நம் பயணம் கிரேக்க நாட்டுக்கு.

ஏதென்ஸ் என்றதும் அக்ரோபோலிஸ் குன்றும் அதன் மேல் நிற்கும் பார்த்தினன் கோயிலும்தான் நினைவுக்கு வரும். அவற்றைப் பார்க்க ஆண்டு முழுவதும் கூட்டம் வருகிறது. ஆனால் நவம்பர் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி வந்து சேரும் கூட்டத்துக்குக் கோயில் பார்க்க நேரமில்லை. அவர்கள் இருட்டிலேயே எழுந்து, நகரின் நடுவில் வரிசையாக நிற்கும் பேருந்துகளில் ஏறி ஊரைவிட்டே வெளியே போகிறார்கள். பேருந்து அவர்களை இறக்கிவிடும் இடம் வடகிழக்கே, கடலோரச் சமவெளியில் இருக்கும் மாரத்தான் என்ற சிற்றூர். அங்கிருந்து 42.195 கிலோமீட்டர் ஓடி ஏதென்ஸுக்குத் திரும்ப வேண்டும்.

உலகம் முழுவதும் மாரத்தான் ஓட்டங்கள் நடக்கின்றன. பெர்லினிலும் சிகாகோவிலும் சாலை சமதளம்; சாதனை நேரத்தைத் தேடுகிறவர்கள் அங்கே போகிறார்கள். ஏதென்ஸில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பத்தாவது கிலோமீட்டருக்கு மேல் தொடங்கும் ஏற்றம், நடுவில் ஓரிடத்தில் சற்றே தாழ்ந்து, 31ஆவது கிலோமீட்டர் வரைக்கும் நீள்கிறது. கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் சாலை இருநூறு மீட்டருக்கும் மேலான உயரத்தைத் தொட்டுவிட்டுத்தான் நகருக்குள் இறங்குகிறது. செங்குத்தான மலையேற்றம் அல்ல. காரில் போகிறவர்களுக்குச் சில இடங்களில் அது மேடு என்றே தோன்றாது. கால்களுக்குத்தான் தெரியும்.

மாரத்தான் ஊரில் ஓட்டம் தொடங்கும் இடத்தில் சிறிய விளையாட்டரங்கு ஒன்று இருக்கிறது. நவம்பர் காலைக் குளிரில் ஆயிரக்கணக்கானவர்கள் பழைய ஸ்வெட்டரையும் பிளாஸ்டிக் பையையும் போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். காற்றில் வலித்தைல வாசம். கழிவறை வரிசை நகர மறுக்கிறது. சிலர் செருப்புப் பட்டையைப்போல இறுக்கிய ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டுகிறார்கள். கால் வீங்கும் என்று தெரிந்தவர்கள் சற்றுத் தளர்த்தியே முடிச்சுப் போடுகிறார்கள். ஒன்பது மணிக்கு முதல் அணி புறப்படும்போது, போர்த்தியிருந்த துணிகள் எல்லாம் சாலையோரத்தில் குவிந்து கிடக்கின்றன.

இந்த ஊருக்கு ஏன் இத்தனை மதிப்பு? கி.மு. 490இல் இந்தச் சமவெளியில்தான் பாரசீகப் படையை ஏதென்ஸ்காரர்கள் முறியடித்தார்கள். வெற்றிச் செய்தியைச் சொல்ல ஒரு வீரன் ஏதென்ஸ் வரை ஓடி, சொல்லி முடித்ததும் விழுந்து உயிரைவிட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. போர் நடந்த காலத்துக்கு அருகில் வாழ்ந்து வரலாறு எழுதிய ஹெரோடோட்டஸ் அந்த ஓட்டத்தைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. அவர் சொல்வது வேறொரு ஓட்டம்: போருக்கு முன் உதவி கேட்டு ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்குப் போன தூதன் ஃபிலிப்பிடிஸின் ஓட்டம். அந்தத் தூரம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். போர் முடிந்ததும் ஏதென்ஸின் படை முழுவதுமே நகரைக் காக்க விரைந்து திரும்பியது என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஒற்றை வீரனின் கதை பல நூற்றாண்டுகள் கழித்து புளூட்டார்க், லூசியன் போன்றவர்களின் எழுத்தில்தான் வருகிறது. கதையைவிட, கவசம் தாங்கிய ஒரு படை களைத்த காலோடு இந்த மேட்டைக் கடந்து போயிற்று என்ற செய்திதான் மலைப்பைத் தருகிறது.

ஓட்டக்காரர்கள் சமவெளியில் சில கிலோமீட்டர் போனதும் பாதை ஒரு புல்மேட்டைச் சுற்றி வளைகிறது. போரில் இறந்த 192 ஏதென்ஸ் வீரர்களை எரித்துப் புதைத்த இடம் அது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் தேய்ந்த பிறகும் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் கைநிறைய ஆலிவ் கொப்புகளோடு சாலையோரம் நிற்கிறார்கள். ஓடுகிறவர்கள் ஆளுக்கொன்று வாங்கித் தொப்பியிலும் இடுப்புப் பட்டையிலும் செருகிக்கொள்கிறார்கள். “பிராவோ, பிராவோ!” என்ற குரல் இங்கே தொடங்கி ஏதென்ஸ் வரை ஓய்வதில்லை.

இந்த முதல் பத்துக் கிலோமீட்டர்தான் ஆபத்தான பகுதி. சாலை சமதளம், உடம்பு புதிது, கூட்டத்தின் உற்சாகம் வேறு. கடிகாரம் நல்ல நேரத்தைக் காட்டுகிறது. இங்கே கொஞ்சம் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம் என்று வேகத்தைக் கூட்டுகிறவர்கள் பலர். அந்தக் கணக்கை மேடு தீர்த்துவிடும்.

1896இல், புதுப்பிக்கப்பட்ட ஒலிம்பிக்கின் முதல் மாரத்தானில் நடந்ததும் அதுதான். இப்படி ஒரு போட்டி வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் மிஷேல் பிரியால் என்ற பிரெஞ்சு மொழியறிஞர். வெல்பவருக்கு வெள்ளிக் கோப்பையும் தருவதாகச் சொன்னார். ஏப்ரல் 10ஆம் தேதி பதினேழு பேர் புறப்பட்டார்கள். பதின்மூன்று பேர் கிரேக்கர்கள், நால்வர் வெளிநாட்டவர். அந்த நால்வரில் மூவர் ஆஸ்திரேலியாவின் எட்வின் ஃப்ளாக், அமெரிக்காவின் ஆர்தர் பிளேக், பிரான்சின் ஆல்பின் லெர்முசியோ. மூன்று நாள் முன்பு நடந்த 1500 மீட்டர் ஓட்டத்தில் முதல் மூன்று இடமும் இவர்களுக்குத்தான். ஃப்ளாக் முந்தின நாள் 800 மீட்டரிலும் வென்றிருந்தார். கால்வேகத்துக்குக் குறைவில்லாத மூவரும் சமவெளியில் பறந்தார்கள்.

மேட்டில் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். பிளேக் 23ஆவது கிலோமீட்டர் அருகே நின்றுவிட்டார். லெர்முசியோ 32ஆவது கிலோமீட்டர் வாக்கில் விலகினார். பிறகு முன்னிலைக்கு வந்த ஃப்ளாக்கும் நகரை நெருங்கும்போது சரிந்தார். வெளிநாட்டவரில் ஓடி முடித்தவர் ஹங்கேரியின் கியூலா கெல்னர் மட்டுமே.

வென்றவர் ஸ்பிரிடோன் லூயிஸ். மலையடிவாரத்து மரூசி கிராமத்துக்காரர். ஏதென்ஸுக்குத் தண்ணீர் கொண்டுபோய் விற்கும் குடும்பம். பாதி வழியில் இருக்கும் பிகெர்மி கிராமத்தில் நின்று ஒரு கோப்பை திராட்சை மது குடித்துவிட்டு, முன்னால் போனவர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று விசாரித்து, எல்லோரையும் பிடித்துவிடுவேன் என்று சொன்னதாகக் கிரேக்கர்கள் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். மேடும் பள்ளமும் அன்றாடம் நடந்து பழகிய கால்கள் அவருடையவை. அன்றைய ஏறத்தாழ 40 கிலோமீட்டரை 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் ஓடி முடித்தார். பிரியால் தந்த அந்தக் கோப்பை 2012இல் லண்டனில் ஏலம் போனபோது ஐந்து லட்சம் பவுண்டுக்கும் மேல் விலை பெற்றது.

சாலைக்குத் திரும்புவோம். நெயா மாக்ரியைத் தாண்டினால் இடப்பக்கம் கடலோரத்தில் மாட்டி என்ற குடியிருப்பு. 2018 ஜூலையில் பெண்டெலி மலைச்சரிவிலிருந்து பாய்ந்து வந்த காட்டுத்தீ, இதே மாரத்தான் சாலையைக் கடந்து இந்த ஊரை எரித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஓடியவர்கள் கரிந்து நின்ற பைன் மரங்களின் ஊடே போனார்கள்.

அடுத்து ரஃபீனா. தீவுகளுக்குக் கப்பல் புறப்படும் துறைமுக ஊர். இங்கே சாலை மேற்கே திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேலேறுகிறது. பிகெர்மி, பல்லீனி, யெராகாஸ் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பார்க்க அழகான பாதை என்று சொல்ல முடியாது. பெட்ரோல் பங்க், மரச்சாமான் கடை, கார் விற்பனைக் கூடம் என்று நீளும் அகலமான சாலைதான். ஓடுகிறவர்களின் பார்வையும் முன்னால் போகிறவரின் குதிகாலைவிட்டு விலகுவதில்லை. ஒரு வளைவு திரும்பினால் மேடு முடிந்துவிடும் என்று தோன்றும். திரும்பினால் அடுத்த மேடு தெரியும்.

கெண்டைக்கால் முதலில் இறுகுகிறது. அடி சிறிதாகிறது. கையை வீசி உடம்பை மேலே இழுக்க வேண்டியிருக்கிறது. முதலில் ஒருவர் இருவர் நடக்கத் தொடங்குகிறார்கள், பிறகு கூட்டமாக. உடம்பு தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து முப்பது கிலோமீட்டர் வாக்கில்தான் பலருக்கும் தீர்ந்துபோகிறது. ஓட்டக்காரர்கள் அதைச் சுவரில் மோதுவது என்கிறார்கள். ஏதென்ஸ் பாதையில் அந்தச் சுவரும் மேட்டின் உச்சியும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வருகின்றன. அதனால்தான் இங்கே ஓடுகிறவர்கள் கடிகாரத்தைவிட மூச்சை நம்பி ஓடுகிறார்கள். பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருந்தால் வேகம் சரி. வாய் திறக்க முடியவில்லை என்றால் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். பல்கனியில் நிற்கும் பாட்டிமார் பாத்திரத்தைத் தட்டுகிறார்கள். குழந்தைகள் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். “பாமே, பாமே!” என்கிறார்கள். போகலாம், வா என்று பொருள்.

2004 ஒலிம்பிக்கின் பெண்கள் மாரத்தான் இதே பாதையில், ஆகஸ்ட் மாதத்தில், மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது. வெயில் 35 டிகிரி. வெல்வார் என்று உலகமே எதிர்பார்த்தவர் பிரிட்டனின் பாலா ராட்க்ளிஃப். உலக சாதனை அவர் கையில் இருந்தது. ஜப்பானின் மிசுகி நோகுச்சி 150 சென்டிமீட்டர் உயரமே உள்ளவர். அவர் 25ஆவது கிலோமீட்டரில், ஏற்றம் கடுமையாக இருக்கும் இடத்தில், எல்லோரையும் விட்டு முன்னே பாய்ந்தார். மற்றவர்கள் மேட்டைப் பொறுத்துக்கொண்டிருந்தபோது அவர் அதைத் தன் களமாக எடுத்துக்கொண்டார். கென்யாவின் கேத்தரின் டெரேபா துரத்திவந்தும் 12 விநாடி வித்தியாசத்தில் நோகுச்சி வென்றார். ராட்க்ளிஃப் 36ஆவது கிலோமீட்டர் அருகே நின்று, சாலையோரம் உட்கார்ந்து அழுததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. மேட்டின் முழுப் பாரத்தையும் சுமந்து கடந்த பிறகு, இறக்கத்தில் வந்த முறிவு அது. அதைத் தோல்வி என்று மட்டும் எழுதிவிட்டுப் போனவர்கள் இந்தச் சாலையை அறியாதவர்கள்.

ஒரு வாரம் கழித்து ஆண்கள் ஓட்டம். பிரேசிலின் வாண்டர்லேய் டி லிமா மேட்டை முடித்துத் தனியாக முன்னால் வந்துகொண்டிருந்தார். 35ஆவது கிலோமீட்டர் அருகே கூட்டத்திலிருந்து பாய்ந்த ஒருவன் அவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓரத்துக்குப் போனான். கிரேக்கப் பார்வையாளர் ஒருவர் ஓடிவந்து அவரை விடுவித்தார். டி லிமா மறுபடி ஓடினார். இத்தாலியின் ஸ்டெஃபானோ பால்டினி 2 மணி 10 நிமிடம் 55 விநாடியில் தங்கம் வென்றார். மூன்றாவதாக வந்த டி லிமா கைகளை இறக்கைபோல விரித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு அரங்குக்குள் நுழைந்தார். 2016இல் ரியோவில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றிய கை அவருடையது. பால்டினியின் நேரம் இந்தப் பாதையில் பத்தாண்டுகள் நிலைத்தது. 2014இல் கென்யாவின் ஃபெலிக்ஸ் காண்டி அதை 18 விநாடிகள்தான் குறைக்க முடிந்தது.

ஸ்டாவ்ரோஸ் சந்திப்பு வந்தால் 31ஆவது கிலோமீட்டர். வலப்பக்கம் பெண்டெலி, இடப்பக்கம் இமித்தோஸ் என்ற இரு மலைகளின் நடுவே உள்ள கணவாய் இது. இங்கிருந்து இறக்கம். நிம்மதி என்று நினைப்பவர்களுக்கு முன்தொடை பதில் சொல்கிறது. ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரத்தைத் தாங்கி நிறுத்தும் தசை அது. இருபது கிலோமீட்டர் ஏறிக் களைத்த பிறகு இறங்கும்போது கிழிவதுபோல வலிக்கிறது. மறுநாள் படிக்கட்டில் பின்பக்கமாக இறங்குகிறவர்களை ஏதென்ஸ் விடுதிகளில் பார்க்கலாம்.

இந்த ஓட்டம் கிரிகோரிஸ் லாம்ப்ராக்கிஸின் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அவர் மருத்துவர், நாடாளுமன்ற உறுப்பினர், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பங்கேற்ற நீளம் தாண்டும் வீரர். 1963 ஏப்ரலில் மாரத்தானிலிருந்து ஏதென்ஸுக்கு அமைதிப் பேரணி அறிவிக்கப்பட்டது. அரசு தடை விதித்தது. வந்தவர்களைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் அவரை மட்டும் உடனே கைதுசெய்ய முடியவில்லை. பேரணிப் பதாகையை விரித்துப் பிடித்தபடி அவர் தனியாக நடந்தார். அடுத்த மாதமே தெசலோனிக்கியில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். இன்று பல்லாயிரம் பேர் நிறைந்து ஓடும் சாலையில் அன்று ஒரே ஒருவர்.

நகருக்குள் வந்ததும் கண்ணாடித் தகடுகளை அடுக்கிச் செய்த பெரிய ஓட்டக்காரர் சிலை ஒன்று தெரியும். அதைக் கடந்து ஹெரோடு அட்டிக்கு தெருவில் திரும்பினால் வலப்பக்கம் தேசியப் பூங்கா, இடப்பக்கம் குடியரசுத் தலைவர் மாளிகை. தெரு இறங்கி முடியும் இடத்தில் பனாதினைக்கோ அரங்கு. அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த ஹெரோடிஸ் அட்டிக்கஸ் மாரத்தானில் பிறந்தவர், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இந்த அரங்கை வெள்ளைப் பளிங்கால் கட்டித் தந்த செல்வந்தர். பளிங்கு வந்தது பெண்டெலி மலையிலிருந்து. ஓட்டக்காரர்கள் காலை முழுவதும் சுற்றி வந்தது அந்த மலையைத்தான்.

1896இல் இந்த அரங்கின் வாசல் ஸ்டமாட்டா ரெவித்திக்குத் திறக்கவில்லை. கைக்குழந்தை வைத்திருந்த ஏழைப் பெண். போட்டியில் சேர்க்க மறுத்ததால் மறுநாள் தனியாக ஓடினார். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டதற்கு மாரத்தான் ஊர்ப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் ஏதென்ஸ் வந்து சேர்ந்தார். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வர 1984 ஆயிற்று. இப்போது இங்கே ஓடி முடிக்க எட்டு மணி நேரம் தருகிறார்கள். ரெவித்தியின் நேரத்தில் வருகிறவர்கள் கழுத்தில் பதக்கத்தோடு பளிங்குப் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுகிறார்கள்.

ஓடாதவர்களும் இந்தப் பாதையைப் பார்க்கலாம், நேயர்களே. ஏதென்ஸில் பெடியோன் டூ அரேயோஸ் பூங்கா அருகிலிருந்து மாரத்தான் பக்கம் பேருந்து போகிறது. வீரர்களின் புதைமேட்டைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது அரங்குக்கு வாருங்கள். ஓடுதளத்தின் ஓரத்தில் ஒரு சுரங்க வழி இருக்கிறது. அதன் உள்ளே பழைய ஒலிம்பிக் தீப்பந்தங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள்.