இரவுப் பாட்டு

சிலப்பதிகாரத்துக் கானல்வரியை 30 ஆண்டுகளுக்கு மேல் மாணவர்க்கு நடத்தியவன் நான். புகார்க் கடற்கரையில் மாதவி யாழைத் திருத்திக் கோவலன் கையில் தருகிறாள். அவன் பாடுகிறான், வேறொருத்தியை நினைத்துப் பாடுகிறான் என்று அவள் ஐயுறுகிறாள். யாழை வாங்கித் தன் மனத்திலும் வேறொருவன் இருப்பதுபோலப் பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். இருவரும் இசை வல்லவர்; பிரிவுக்கு வாயிலானதும் அவ்விசையே. ஊழ்வினை என்பார் இளங்கோவடிகள்.

என் வீட்டில் ஊழின்மேல் பழி போட இயலாது. மணமான புதிதில், 1988இல், ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினேன். இரவில் விளக்கணைத்தபின் எனக்கு வீணையில் நீலாம்பரி வேண்டும். என் மனைவிக்குத் திரைப்பாட்டு வேண்டும். அவள் பாட்டைப் பாதியில் நிறுத்தி, "இதில் அந்நிய சுரம் கலந்திருக்கிறது, கவனித்தாயா?" என்று பாடம் நடத்துவேன். வகுப்பறையை விட்டு வரத் தெரியாத வாத்தியார்! சில மாதங்களில் அவள் எதையும் கேட்பதை விட்டுவிட்டாள். அவளுடைய ரசனை உயர்ந்துவிட்டதென்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் அடுக்களையில் அவள் மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள். என் காலடி கேட்டதும் குரல் நின்றுவிட்டது. நான் கேட்டது தண்ணீர். அவள் தந்ததும் தண்ணீர்தான். ஆயினும் அந்த மௌனம் நாள் முழுதும் என்னை உறுத்தியது.

அன்றிரவு அவளுடைய ஒலிநாடாவை நானே போட்டேன். வெகுநேரம் அவள் பேசவில்லை. பிறகு இருட்டிலிருந்து, "இது என்ன இராகம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்றாள்.

தெரிந்திருந்தது, சொல்லவில்லை.