உடன் ஓடிய தோழமை

நெடுந்தூர ஓட்டத்தில் கால்கள் தளரும்போது துணை நிற்பது உள்ளம். அவ்வுள்ளத்துக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது? பரிசிலிருந்து வரலாம், புகழிலிருந்து வரலாம். நண்பர் ஒருவரின் நோயிலிருந்தும் வரும் என்பதற்கு நான் அறிந்த சான்று ஒன்றைக் கூறுகிறேன்.

1970-இல் நியூயார்க் மாரத்தான் ஓட்டத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர் பிரெட் லெபோ. 1978-இல் அவர் இடம் தர, நார்வே நாட்டு வீராங்கனை கிரேட்டே வைட்ஸ் அங்கு ஓடினார். அதற்கு முன் மாரத்தான் ஓடியறியாத அவர், 42 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அத்தொலைவை 2 மணி 32 நிமிடத்தில் கடந்து உலகச் சாதனை படைத்தார். 1988-க்குள் 9 முறை அப்போட்டியில் வென்றார்.

1990-இல் லெபோவுக்கு மூளையில் புற்றுநோய் கண்டது. சிகிச்சை பெற்ற பின், தாம் வளர்த்த ஓட்டத்தில் 1992-இல் தம் 60-ஆம் வயதில் தாமே ஓடினார். உடன் ஓடியவர் வைட்ஸ். இருவரும் எல்லையை அடைய 5 மணி 32 நிமிடம் ஆயிற்று.

விரைந்தோடப் பழகிய கால்கள் இருமடங்கு நேரம் மெல்ல ஓடுவது எளிதன்று. அங்கே வெற்றியும் இல்லை, சாதனையும் இல்லை. நோயுற்ற நண்பரைத் தனியே விடலாகாது என்ற அன்பே அவரைச் செலுத்திற்று என்று கருதுகிறேன்.

1994-இல் லெபோ மறைந்தார். அந்த ஓட்டம் அவர் நோயைத் தீர்க்கவில்லை. தீர்ப்பது மருத்துவர் பணி. நோயுற்றவரின் நடைக்கேற்ப நம் வேகத்தைக் குறைத்து உடன் செல்வதோ, நம் ஒவ்வொருவர்க்கும் இயலும் பணி.